சீட்டும் வலியறிதலும்: ஈலி கல்பர்ட்ஸன் வரலாறு

சேலத்தினின்று தருமபுரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை தொப்பூரருகே மலைகளுக்கிடையே புகுந்து மேலேறுகின்றது. நாம் பிறந்து வளர்ந்த ஊர் அத்தொப்பூரே. விடுமுறை நாட்களில் இரவுணவு முடிந்து திண்ணையில் அமர்ந்திருப்போமாயின், தருமபுரிப் பக்கமிருந்து பாரமேற்றிய லாரிகள் கணவாயில் இறங்கும் முழக்கம் இடைவிடாது செவியில் விழும். இறக்கம் தொடங்குமுன், மேட்டின் உச்சியிலேயே, தம் வண்டியின் பாரத்தை நினைந்து கியரைக் குறைத்துக்கொண்ட ஓட்டுநர் நலமே இறங்கிவிடுவார். பாதி வழியில் அதனைச் செய்ய நினைப்பவர்க்குப் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். இக்கணவாயின் பழங்கதையும் ஒருவகையில் இத்தகையதே. 1790-ஆம் ஆண்டு நவம்பரில், ஜெனரல் மெடோஸ் என்பாரது ஆங்கிலச் சேனை பின்தொடர்ந்து வர, திப்பு சுல்தான் தம் படையோடு இக்கணவாயிற் புகுந்து, அவர்கள் கைக்கு அகப்படாமல் தெற்கே இறங்கிச் சென்றார். மாற்றான் படை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நிலையிலேயே இரு தலைவரும் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

கண்ணுக்குத் தெரியாததை அளந்து, முன்னரே வாக்குக் கொடுத்து, பின் அவ்வாக்கை நிறைவேற்றும் கலையொன்று உண்டு. அதற்கு நாற்பத்திரண்டு லாரியும் வேண்டா, நாலாயிரம் குதிரையும் வேண்டா. ஐம்பத்திரண்டு சீட்டுகளே போதும். அதுவே கான்ட்ராக்ட் பிரிட்ஜ் எனப்படும் ஆட்டம். அதனை உலகமெங்கும் பரப்பியவர் ஈலி கல்பர்ட்ஸன் என்பவர். அவர் வரலாற்றையே இங்கு எழுதப் புகுந்தோம்.

சீட்டு என்றவுடன் முகஞ்சுளிக்கும் பெரியோர் நம் கல்லூரியில் உளர் என்பதை யாம் அறிவோம். தருமன் நாடிழந்ததும் நளன் காடடைந்ததும் நாமும் பாடமாய்ப் படித்தவையே. திருக்குறளிற் சூது என்னும் அதிகாரத்தையும் மறந்தோமில்லை. ஆயின் பகடையைப் போலச் சீட்டும் குருட்டு அதிர்ஷ்டத்தின் கைப்பாவை என்று கருதுவது பிரிட்ஜைப் பொறுத்தமட்டிற் பொருந்தாது. காசு வையாமலே ஆடத்தக்க ஆட்டம் இது. 2018-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஓட்டத்துக்கும் மல்யுத்தத்துக்கும் இணையாக இவ்வாட்டத்துக்கும் பதக்கம் வழங்கப்பட்டது. ஆடவர் இணையாட்டத்தில் நம் நாட்டினராகிய பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் என்னும் இருவர் பொற்பதக்கம் பெற்றனர். அப்போது பர்தனுக்கு வயது அறுபது. இதனைச் சொன்ன பின்னும் முகஞ்சுளிப்பவர் இப்பக்கங்களைத் தள்ளிவிட்டு அடுத்த கட்டுரைக்குச் செல்லலாம், யாம் வருந்தோம்.

ஆட்டத்தின் இயல்பைச் சிறிது கூறாமல் ஆளின் பெருமை விளங்காது. நால்வர் அமர்வர், எதிரெதிரே இருப்பவர் தோழர். ஒவ்வொருவர்க்கும் பதின்மூன்று சீட்டு. ஒருவர் கைக்கு வரக்கூடிய பதின்மூன்று சீட்டுகளின் வகை 63,501 கோடிக்கும் மேற்பட்டதாகலின், ஒரே கை ஒருவர்க்கு மீண்டும் வருதல் அரிது. ஆடுமுன் கேள்வி நிகழும். நம் நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் முந்நூற்று நாலு ஆடியவர்க்குக் கேள்வியும் துருப்பும் புதியவையல்ல. அங்கே புள்ளியைச் சொல்லிக் கேட்கிறோம். பிரிட்ஜிலோ பிடியைச் சொல்லிக் கேட்கிறார்கள். முதல் ஆறு பிடியை நீக்கி, அதற்கு மேல் எத்தனை பிடி, எந்தத் துருப்பில் என்று சொல்ல வேண்டும். கிளாவர், டைமன், ஆட்டின், இஸ்பேடு, துருப்பின்மை என்பது ஏறுவரிசை. யாவரினும் உயர்ந்த கேள்வியே ஒப்பந்தமாய் நிற்கும். அவ்வொப்பந்தம் பெற்ற பக்கத்தில் ஒருவர் ஆட, அவர் தோழரின் சீட்டுகள் எல்லாருங் காண மேசைமேல் விரிக்கப்படும்; அதனை டம்மி என்பர். தம் கையும் டம்மியும் ஆக இருபத்தாறு சீட்டு அவர் கண்ணுக்குத் தெரியும். மற்றை இருபத்தாறும் இரு பகைவரிடம் எவ்வாறு பிரிந்து கிடக்கின்றன என்பதை அவர் உய்த்துணர வேண்டும்.

இவ்வாட்டத்தின் பழைய வடிவத்தில், கேட்டது குறைவாயினும் பிடித்தது மிகுதியாயின் அம்மிகுதியும் வெற்றிக்குக் கணக்காகும். ஆகவே அடக்கிக் கேட்டு அள்ளிப் பிடிப்பதே அக்காலத்து விவேகம். 1925-ஆம் ஆண்டு அமெரிக்கச் செல்வராகிய ஹரால்ட் வாண்டர்பில்ட், பின்லாந்து என்னும் கப்பலில் பனாமாக் கால்வாய் வழியே சென்றபோது இதனை மாற்றினார். எவ்வளவு கேட்டாயோ அவ்வளவே வெற்றிக்குக் கணக்கு என்பது அவர் விதி. அவ்வொரு மாற்றத்தால் ஆட்டத்தின் உயிர்நிலையே பெயர்ந்தது. அதுவரை கையின் திறமே பெரிதாயிருந்தது. அன்று முதல் தன் கையையும் தோழன் கையையும் சேர்த்து அளந்து, அதற்குச் சரியான வாக்கைக் கொடுக்கும் திறமே பெரிதாயிற்று. குறைத்துக் கேட்டால் பரிசு போகும். மிகுத்துக் கேட்டால் தண்டம் வரும். இவ்வளவையை மக்களுக்குக் கற்பிக்க ஓர் ஆசான் வேண்டியிருந்தது.

அவ்வாசான் பிறந்தது 1891-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள், ருமேனியா நாட்டில். தந்தை ஆல்மன் கல்பர்ட்ஸன் அமெரிக்கர், சுரங்கப் பொறியாளர். தாய் ருஷியாவிற் கொசாக்கியர் தலைவர் ஒருவரின் மகள். தந்தையார் காக்கசஸ் மலைநாட்டில் எண்ணெய்க் கிணறுகளாற் பொருள் ஈட்டினார். மைந்தர் அங்கே வளர்ந்தார். இளமையிலேயே ஜாருக்கு மாறான புரட்சியாளரோடு கூடிச் சிறை புகுந்ததாகவும், மரண தண்டனைக்குக் காத்திருந்தவர்களோடு அச்சிறையில் வின்ட் என்னும் ருஷியச் சீட்டாட்டம் ஆடியதாகவும் அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். 1940-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலைப் படிப்போர் ஒன்றை நினைவில் வைத்தல் நலம்: தம்மைப் பற்றிச் சொல்லும்போது கல்பர்ட்ஸன் எப்போதும் தம் கையிலுள்ள சீட்டுக்கு ஒரு பிடி மேலாகவே கேட்பவர்.

பாரிஸிலும் ஜெனீவாவிலும் அவர் கல்வி பயின்றார். பல மொழிகள் பேச வல்லவரானார். 1917-ஆம் ஆண்டின் ருஷியப் புரட்சியில் குடும்பச் செல்வம் முழுவதும் அழிந்தது. அதன்பின் பாரிஸ் நகரத்துச் சீட்டு மன்றங்களே அவருக்குச் சோறளித்தன. 1921-ஆம் ஆண்டில் அமெரிக்கா அடைந்து, அங்கும் சீட்டாலேயே பிழைத்தார். பணம் வைத்தாடுபவர் என்ற பெயர் அவரைத் தொடர்ந்தது. இப்பகுதியை யாம் விரைந்து கடக்கின்றோம். இதிற் போற்றத்தக்கது அதிகமில்லை.

போற்றத்தக்கது நியூயார்க்கில் தொடங்குகின்றது. அங்கே ஜோஸபின் டில்லன் என்னும் பெண்மணி பிரிட்ஜ் ஆசிரியையாய்ப் புகழ்பெற்றிருந்தார். ஆடவரே முதன்மை பெற்ற அரங்கில், ஆடவரோடு சமமாய் அமர்ந்து ஆடத்தக்க நிதானம் அவர்க்கு இருந்தது. 1923-ஆம் ஆண்டில் இருவரும் மணந்தனர். கணவர் கொதிப்பவர், மனைவி குளிர்ந்தவர். கணவர் புதிய கொள்கைகளை வகுத்தார். மாணாக்கர்க்கு எவ்வளவு விளங்கும் என்பதை மனைவி அறிந்திருந்தார். பிற்காலத்தார் கல்பர்ட்ஸன் முறை என்று ஒருவர் பெயரால் வழங்குவதை இருவர் பெயராலும் வழங்கியிருப்பின் நீதியாயிருக்கும் என்பது எம் எண்ணம்.

அம்முறையாவது யாது? கைச்சீட்டின் வலிமையை அவர் ஆனர் டிரிக் என்னும் அளவையால் அளந்தார். நாம் அதனை வன்பிடி என்போம். ஒரே வகையின் ஆஸும் ராஜாவும் சேர்ந்திருப்பின் இரண்டு வன்பிடி. ஆஸும் ராணியும் ஒன்றரை. தனி ஆஸ் ஒன்று. ராஜாவும் ராணியும் ஒன்று. சிறு சீட்டுத் துணையோடு நிற்கும் ராஜா அரை. முதலிற் கேட்கத் தொடங்குபவர்க்கு இரண்டரை வன்பிடியேனும் வேண்டும். நால்வர் கையிலும் சேர்த்து மொத்தம் எட்டு அல்லது எட்டரை வன்பிடியே உண்டு. ஆகவே தோழர் சொல்லாலும் பகைவர் சொல்லாலும் அவரவர் பங்கைக் கழித்துக்கொண்டு வந்தால், எஞ்சியது யாரிடம் என்பது ஒருவாறு புலப்படும். தோற்பதற்கும் அவர் எல்லை வகுத்தார். பகைவரைத் தடுக்க வேண்டி மிகுத்துக் கேட்பதாயின், தண்டம் பெருகும் நிலையில் இரண்டு பிடிக்கு மேலும், அல்லாத நிலையில் மூன்று பிடிக்கு மேலும் தவறலாகாது. ஐந்நூறு புள்ளிக்கு மேல் இழக்க ஒருப்படலாகாது என்பதே அதன் கணக்கு.

திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தின் தொடக்கத்தில் நான்கு வலிமைகளைத் தூக்கிப் பார்க்கச் சொல்கின்றார்: எடுத்த தொழிலின் கடினம், தன் ஆற்றல், எதிரியின் ஆற்றல், உடன் நிற்பவர் ஆற்றல். தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் அவ்வதிகாரத்தைப் படித்த அன்று எமக்கு முதலில் நினைவு வந்தது, வெட்கத்தோடு சொல்கின்றோம், சீட்டுக் கட்டே. கல்பர்ட்ஸன் குறளைக் கண்டவரல்லர். ஆயினும் அந்நான்கையும் எண்ணால் அளக்க முயன்றவர்.

எண் எவ்வாறு ஆட்டமாகின்றது என்பதை எம் தோல்வியொன்றாற் காட்டுவோம். எம் பெரியப்பா ரயில்வேயிற் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். கல்பர்ட்ஸன் நூலைக் கொண்டே இவ்வாட்டம் பயின்றவர். சென்ற கோடை விடுமுறையில் தொப்பூர்த் திண்ணையில் நால்வர் அமர்ந்தோம். எமக்கு வலப்பக்கத்தில் இருந்தவர் முதலில் ஓர் ஆட்டின் கேட்டார். நாம் ஓர் இஸ்பேடு கேட்க, எம் எதிரே இருந்த பெரியப்பா நேரே நான்கு இஸ்பேடு என்று ஏற்றிவிட்டார். ஆகவே பத்துப் பிடி பிடிக்க வேண்டியவர் நாம். மூன்று பிடி மட்டும் இழக்கலாம்.

இடப்பக்கத்தார் தம்மிடமிருந்த ஆட்டின் ராணியையும் ஜாக்கியையும் அடுத்தடுத்து ஆடி இரண்டு பிடி கொண்டனர். அவர் கையில் அவ்வகைச் சீட்டு அவ்வளவே. பின் துருப்பை ஆடினார். ஆட்டினில் இன்னும் ஒரு பிடி இழப்பது உறுதி. எஞ்சியது டைமன். டம்மியில் டைமன் ஆஸும் ராணியும் இருந்தன. எம் கையில் இரண்டு சிறு சீட்டு. ராஜா இடப்பக்கத்தில் இருந்தால், நாம் சிறியதை ஆடி டம்மியின் ராணியைப் போட்டுப் பிடித்துவிடலாம். இதனைப் பினெஸ் என்பர். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று பாடம் சொல்லும். நாம் துருப்பை வெளியேற்றி, மறுகணமே டைமனை ஆடி, ராணியைப் போட்டோம். வலப்பக்கத்தார் ராஜாவால் அதனை வெட்டினார். ஒரு பிடி குறைந்தது.

பெரியப்பா சினக்கவில்லை. சீட்டுகளை மறுபடி விரித்து, வலப்பக்கத்தார் தொடக்கத்தில் எத்தனை வன்பிடி சொன்னார் என்று மட்டும் கேட்டார். இரண்டரை. ஆட்டின் ஆஸும் ராஜாவும் அவரிடமே இருந்தாக வேண்டும், அவை இரண்டு. மிச்சம் அரை எங்கே? இஸ்பேடிலும் கிளாவரிலும் பெரிய சீட்டுகள் யாவும் எம் இரு கைகளிலுமே இருந்தன. ஆகவே அவ்வரை டைமன் ராஜாவன்றி வேறில்லை. பாதிக்குப் பாதி என்று நாம் எண்ணியது உண்மையில் வாய்ப்பே இல்லாததாகும். மனிதர் வாய்திறந்து சொன்னதை மறந்துவிட்டு நாம் அட்டவணையை நம்பினோம்.

அப்படியாயின் அந்த ஒப்பந்தம் கெட்டதோ? இல்லை, அங்கேதான் ஆட்டத்தின் அழகு இருக்கின்றது. துருப்பை வெளியேற்றிய பின், கிளாவரை இரு கையிலும் எஞ்சாதபடி ஆடித் தீர்க்க வேண்டும். அதன்பின் இழக்க வேண்டிய மூன்றாம் ஆட்டினைத் தாமே கொண்டுபோய் வலப்பக்கத்தாரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் அப்பிடியை மகிழ்ந்து கொள்வார்; பின்பு எதை ஆடுவார்? டைமனை ஆடினால், கடைசியிற் போடும் டம்மியின் ராணி பிடிக்கும். ஆட்டினையோ கிளாவரையோ ஆடினால், டம்மியில் துருப்பால் வெட்டி, எம் கையில் உள்ள டைமனொன்றைத் தள்ளிவிடலாம். எதனை ஆடினும் எமக்கே ஒரு பிடி. பகைவனுக்குக் கொடுத்தே தீரவேண்டியதை எப்போது கொடுப்பது என்பதில் பத்தாவது பிடி ஒளிந்திருந்தது. அன்றிரவு லாரிகளின் முழக்கத்தைக் கேட்டுக்கொண்டு நெடுநேரம் உறங்காதிருந்தோம்.

நிற்க. கல்பர்ட்ஸன் 1929-ஆம் ஆண்டு அக்டோபரில் பிரிட்ஜ் வேர்ல்ட் என்னும் திங்கள் இதழைத் தொடங்கினார். அதே திங்களில் நியூயார்க்குப் பங்குச் சந்தை சரிந்தது. ஊரெங்கும் வேலையின்மையும் வறுமையும் பரவிய அக்காலத்தில், ஒரு சீட்டுக்கட்டின் விலைக்கு நால்வர் ஓர் இரவைப் போக்க முடிந்தமையின் ஆட்டம் காட்டுத்தீப்போற் பரவிற்று. 1930-ஆம் ஆண்டில் அவர்தம் நீல நூல் வெளிவந்து பெருவாரியாய் விற்பனையாயிற்று. அவ்வாண்டே இலண்டனிற் கர்னல் புல்லர் என்பாரின் அணியைத் தம் மனைவியோடும் வேறிரு தோழரோடும் எதிர்த்து வென்றார். இயல்பறிவே போதும், முறை எதற்கு என்று முழங்கியவர் புல்லர்.

அவ்விதழின் வளர்ச்சியில் ஒரு கறையும் உண்டு. 1929-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள், கான்ஸாஸ் ஸிட்டி நகரில் பென்னட் என்னும் தம்பதியர் அண்டை வீட்டாரோடு பிரிட்ஜ் ஆடினர். நான்கு இஸ்பேடு ஒப்பந்தத்திற் கணவர் தவறினார், வாய்ச்சண்டை மூண்டது, கணவர் மனைவியை அடித்தார், மனைவி துப்பாக்கி எடுத்து வந்து கணவரைச் சுட்டுக் கொன்றார். 1931-ஆம் ஆண்டில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கல்பர்ட்ஸன் இத்துன்பத்தைத் தம் முறைக்கு விளம்பரமாக்கினார். சரியாகக் கேட்டிருந்தால், சரியாக ஆடியிருந்தால் அவர் உயிர் பிழைத்திருப்பார் என்ற பாங்கில் அக்கையை ஆராய்ந்து அச்சிட்டார். அச்சிட்ட அச்சீட்டுகள் அன்றிரவு ஆடப்பட்டவைதாமா என்பதே ஐயத்துக்குரியது. பிணத்தின்மேல் கடை விரிப்பதை நாம் புகழமாட்டோம்.

அவர் புகழின் உச்சி 1931-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்தது. பழைய ஆட்டத்தின் வல்லுநர் பலர் ஒன்றுகூடி, கல்பர்ட்ஸன் முறைக்கு மாறாக அதிகார முறை என்று ஒன்றை வெளியிட்டனர். அவர்கட்கு முன்னின்றவர் ஸிட்னி லென்ஸ். வயதில் மூத்தவர், செல்வர், சீட்டில் மந்திரவித்தை காட்டவும் வல்லவர். கல்பர்ட்ஸன் அவரைப் பகிரங்கமாய் அறைகூவி அழைத்தார். தாம் தோற்றால் ஐயாயிரம் டாலர், லென்ஸ் தோற்றால் ஆயிரம் டாலர்; எவர் தோற்பினும் பணம் தருமத்துக்கு என்பது ஏற்பாடு. நூற்றைம்பது ரப்பர் ஆடுவதென முடிவாயிற்று. ஒரு பக்கத்தார் இரண்டு ஆட்டம் வெல்லும்வரை நிகழ்வது ஒரு ரப்பர். டிசம்பர் 7-ஆம் நாள் நியூயார்க்கிலே சாத்தம் ஹோட்டலிற் போட்டி தொடங்கிற்று. பிற்பகுதி வால்டார்ப்-அஸ்டோரியாவில் நிகழ்ந்தது. பத்திரிகைகள் யுத்தச் செய்திபோல் அதனை வெளியிட்டன. நடுவராய் இருந்த இளம் இராணுவ அதிகாரி ஆல்பிரட் குரூந்தர் பிற்காலத்தில் ஐரோப்பாவில் நேட்டோப் படைகளின் தலைமைத் தளபதியானார்.

தொடக்கத்தில் லென்ஸ் பக்கமே முந்திற்று. கல்பர்ட்ஸன் தாமதமாய் வருவார், நெடுநேரம் சிந்திப்பார், எதிரியின் பொறுமையை அறுப்பார். இவற்றிற் பாதி நடிப்பு. மறுபுறம் லென்ஸுக்குத் தோழராய் அமர்ந்தவர் ஆஸ்வால்ட் ஜேக்கபி என்னும் இளைஞர், துணிந்து கேட்பவர், அந்நாளில் அவரினும் கூரிய மதியினர் ஒரு சிலரே. அவர் கேள்விகள் மூத்தவருக்குப் பிடிக்கவில்லை. பலர் முன்னிலையில் லென்ஸ் அவரைக் குறைகூறினார். நூற்றுமூன்றாம் ரப்பர் முடிந்ததும் ஜேக்கபி எழுந்து விலகிவிட்டார். வேறொருவர் அவ்விடத்தில் அமர்ந்தார். கல்பர்ட்ஸன் பக்கத்திலோ ஜோஸபின் பொறுமையோடு எண்பத்தெட்டு ரப்பர் ஆடினார். 1932-ஆம் ஆண்டு ஜனவரியிற் போட்டி முடிந்தபோது கல்பர்ட்ஸன் பக்கம் 8,980 புள்ளிகள் மிகுந்திருந்தது.

இவ்வெற்றியைப் பற்றி எம் கருத்தைச் சொல்லிவிடுகின்றோம். ஆடிய கைகள் 879. கல்பர்ட்ஸன் பக்கம் வந்த ஆஸ் 1,745. லென்ஸ் பக்கம் 1,771. ராஜாக்கள் முறையே 1,775, 1,741. சீட்டுகள் இரு பக்கத்தும் ஏறக்குறைய ஒப்பாகவே வந்தன என்பது இதனால் விளங்கும். ரப்பர் வெற்றியும் எழுபத்தேழுக்கு எழுபத்துமூன்றே. 8,980 என்பதை 879-ஆல் வகுத்தால் ஒரு கைக்குப் பத்துப் புள்ளி. துருப்பு கிளாவராயின் ஒரு பிடியின் விலையிற் பாதி! இதனைக் கொண்டு ஒரு முறை உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று நாட்டுதல் அரிது. கல்பர்ட்ஸனோ உலகத்தையே வென்றாற்போற் கொண்டாடினார், உலகமும் நம்பிற்று. எமக்குத் தோன்றுவது வேறு. லென்ஸ் இழந்தது ஜேக்கபியை. நான்கு வலிமையில் மூன்று சமமாய் நின்ற இடத்தில் நான்காவது தராசைச் சாய்த்தது.

அதன்பின் சில ஆண்டுகள் பொன்மழை பெய்தன. நூல்கள், வானொலி, ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள், வெற்றிக் கிண்ணங்கள். 1935-ஆம் ஆண்டில் ஹால் ஸிம்ஸ் என்பாரையும் அவர் மனைவியாரையும் எதிர்த்து, மனைவியோடு மீண்டும் ஒரு நெடும் போட்டியில் வென்றார். 1937-ஆம் ஆண்டு புடாபெஸ்டில் உலகப் போட்டி நிகழ்ந்தது. கல்பர்ட்ஸன் தம்பதியரும் ஹெலன் ஸோபெல் என்னும் பெண்மணியும் வோகல்ஹாபர் என்பவரும் அமெரிக்கக் கொடியின் கீழ் ஆடினர். இறுதி ஆட்டத்தில், டாக்டர் பால் ஸ்டெர்ன் வழிநடத்திய ஆஸ்திரிய அணி அவர்களைத் தோற்கடித்தது. மறு ஆண்டு மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவைக் கவர்ந்துகொள்ள, ஸ்டெர்ன் இலண்டனுக்கு ஓடிப் பிழைக்க வேண்டியதாயிற்று.

1938-ஆம் ஆண்டிலேயே கல்பர்ட்ஸன் தம்பதியரின் மணவாழ்வும் முறிந்தது. குழந்தைகள் இருவர். கணவரின் சினமும் செலவும் பிற ஒழுக்கங்களும் இதற்குக் காரணம் என்பர். மேசையில் மனைவியின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கண்டு மதித்தவர், மேசையை விட்டெழுந்ததும் அச்செவியை மூடிக்கொண்டார் போலும். மணம் முறிந்த பின்னும் இருவரும் பகைவராகவில்லை. பிரிட்ஜ் தொழிலிற் சேர்ந்தே உழைத்தனர் என்பது அந்தப் பெண்மணியின் பெருந்தன்மையைக் காட்டும்.

அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்தேழு. சீட்டில் இனிப் பெறுவதற்கு ஒன்றுமில்லை என்று கருதினாரோ என்னவோ, உலக சமாதானம் என்னும் பெருங்கேள்வியைக் கேட்கத் துணிந்தார். உலக நாடுகளின் கூட்டாட்சித் திட்டம் ஒன்றை வகுத்தார். 1943-ஆம் ஆண்டில் அது பற்றி முழுமையான சமாதானம் என்னும் நூலை வெளியிட்டார். ஒவ்வொரு நாடும் வைத்துக்கொள்ளக்கூடிய படைக்கு ஒரு பங்கு வரையறுக்க வேண்டும். சிறுநாட்டாரைக் கொண்டு ஒரு பொதுப்படை அமைக்க வேண்டும். எந்த வல்லரசும் தனித்து நின்று மற்றையவற்றை வெல்ல இயலாதவாறு அப்பங்குகள் அமைய வேண்டும் என்பது அதன் சாரம். வன்பிடிகளை எட்டரை என்று கணக்கிட்டுப் பங்கிட்ட அதே மூளை, படைகளையும் பங்கிட முயன்றது. அமெரிக்கக் காங்கிரஸிற் சிலர் அதனை ஆதரித்தனர். ஆயினும் அது நிறைவேறவில்லை. ஈட்டிய பொருளிற் பெரும்பகுதி அம்முயற்சியிற் கரைந்தது. வல்லரசுகள் தம் கைச்சீட்டை உண்மையாய்ச் சொல்லும் தோழர்களல்லர் என்பதை அவர் எண்ணாமற் போனார் என்று சிரிப்பவர் சிரிக்கலாம். பென்னட்டின் சாவை விற்ற அதே மனிதர், கோடிக்கணக்கானோரின் சாவைத் தடுக்கத் தம் செல்வத்தைச் செலவிட்டார் என்பதை எண்ணும்போது எமக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்கிடையே ஆட்டம் அவரைக் கடந்து சென்றது. சார்லஸ் கோரன் என்பார், ஆஸுக்கு நான்கு, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்கிக்கு ஒன்று என்னும் எளிய புள்ளிக் கணக்கை 1949-ஆம் ஆண்டில் வெளிவந்த நூலாற் பரப்பினார். அரையும் ஒன்றரையும் கூட்டுவதைக் காட்டிலும் விரல்விட்டு எண்ணுவது பொதுமக்களுக்கு எளிதாயிருந்தது. சில ஆண்டுகளில் வன்பிடி மறைந்தது. இறுதியிற் கல்பர்ட்ஸனும் புள்ளிக் கணக்கை ஏற்றுக்கொண்டார். 1955-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள், வெர்மான்ட் மாநிலத்துப் பிராட்டில்பரோ என்னும் ஊரில், அறுபத்துநான்காம் வயதில் அவர் காலமானார். மூன்று திங்கள் கழித்து, 1956-ஆம் ஆண்டு மார்ச்சில், ஜோஸபினும் இறந்தார். அவர் தொடங்கிய பிரிட்ஜ் வேர்ல்ட் இதழ் அவருக்குப் பின்னும் நிலைத்தது. 1964-ஆம் ஆண்டில் அவ்விதழ் பிரிட்ஜ் வல்லுநரின் புகழ்ப்பட்டியல் ஒன்றை ஏற்படுத்தியபோது, முதலில் இடம்பெற்றவர் மூவர்: வாண்டர்பில்ட், கல்பர்ட்ஸன், கோரன்.

எம் பெரியப்பா கோரனை ஒப்புக்கொள்வதில்லை. தொப்பூர்த் திண்ணையில் அவர் கை இன்றும் வன்பிடியாகவே அளக்கப்படுகின்றது. நாமோ புள்ளியில் எண்ணுகின்றோம். காவலோடு நிற்கும் ராஜா அவருக்கு அரை, எமக்கு மூன்று. எதிரெதிரே அமர்ந்து வெவ்வேறு கணக்குப் போட்டும், பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றோம். டைமன் ராஜா யாரிடம் என்பதை மட்டும் இப்போதெல்லாம் ராணியைத் தொடுமுன்னரே எண்ணிவிடுகின்றோம்.